ஊக்கச் செலவு: அறிவிப்பிலிருந்து ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு வரை

பொருளாதாரம் தளரும்போது அரசு உட்கட்டமைப்பிலும் மின்சக்தியிலும் பெருந்தொகையைச் செலவிடப் போவதாக அறிவிக்கிறது. அன்றைக்கே கட்டுமான நிறுவனங்களின் பங்கு விலை ஏறுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் லாபம் அந்த அளவுக்கு ஏறியிருப்பதில்லை. சில நிறுவனங்கள் கையில் வேலை நிறைந்திருந்தும் நொடித்துப் போயிருக்கின்றன. அப்படியானால் ஊக்கச் செலவு எனப்படும் இந்த அரசுச் செலவு ஒப்பந்ததாரர்களுக்கு எந்த வழியில்தான் பயன் தருகிறது என்பது கேள்வி.

பயன் உண்டு, சில சமயங்களில் ஒரு நிறுவனத்தின் தலையெழுத்தையே மாற்றும் அளவுக்கு உண்டு. ஆனால் அந்தப் பயனை அறிவிக்கப்பட்ட தொகையை வைத்து அளப்பது தவறான கணக்கு. எந்தத் துறையின் வழியாகப் பணம் இறங்குகிறது, எந்தக் கெடுவுக்குள் அதை ஒதுக்கியாக வேண்டும், ஒப்பந்தத்தில் முன்பணம், பிடித்தம் (வேலை முடியும்வரை பில்லில் நிறுத்திவைக்கும் தொகை), விலையேற்றம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, போட்ட பில்லுக்கு எத்தனை மாதத்தில் காசு வருகிறது என்ற நான்கையும் பார்த்தால்தான் யாருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியும். இந்த நான்கில் கடைசியாகச் சொன்னதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

முதலில் கெடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்த வகை வேலை சந்தைக்கு வரும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 2009 பிப்ரவரி 17 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான பொருளாதார மீட்புச் சட்டத்தின் அன்றைய மதிப்பு 78,700 கோடி டாலர். அதில் நெடுஞ்சாலைகளுக்கென்று ஒதுங்கியது ஏறத்தாழ 2,750 கோடி டாலர் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி வரிக் குறைப்புக்கும், வேலையிழந்தோர் உதவித்தொகைக்கும், மாநிலங்களின் மருத்துவ, கல்விச் செலவுகளுக்கும் போனது. தலைப்புத் தொகையைப் பார்த்துவிட்டு அது முழுவதும் சாலைக்கும் பாலத்துக்கும் வருவதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் இன்றும் மாறவில்லை.

அந்த நெடுஞ்சாலைப் பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மாநிலங்கள் தங்கள் நேரடிப் பங்கில் பாதியை 120 நாட்களுக்குள் குறிப்பிட்ட திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும். தவறினால் ஒதுக்காத தொகை வேறு மாநிலத்துக்குப் போய்விடும். இந்த நிபந்தனையை ஒரு மாநில நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரின் மேசையிலிருந்து பார்த்தால் நடந்தது விளங்கும். அவர் முன்னால் இரண்டு கோப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஆற்றின் குறுக்கே புதிய பாலம்: மண் பரிசோதனை பாதியில் நிற்கிறது, அணுகுசாலைக்கு நில எடுப்பு முடியவில்லை, சுற்றுச்சூழல் அனுமதிக்கு ஓராண்டு ஆகலாம். இன்னொன்று இருக்கும் சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தார்க்கலவை போடுவது: நிலம் தேவையில்லை, வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது, அளவுப் பட்டியலில் கிலோமீட்டர் கணக்கை மாற்றினால் ஒப்பந்தப்புள்ளி தயார். 120 நாள் கெடு தலைக்கு மேல் இருக்கும்போது அவர் எந்தக் கோப்பை எடுப்பார் என்பதில் ஐயமில்லை. அந்தச் சட்டத்தின் நெடுஞ்சாலைப் பணத்தில் பெரும்பகுதி மேற்பரப்புச் சீரமைப்புக்கும் அகலப்படுத்தலுக்கும் போனது இதனால்தான். தார்க்கலவை ஆலையும் அதைச் சாலையில் பரப்பும் பேவர் எந்திரமும் வைத்திருந்த ஒப்பந்ததாரர்களுக்கு அது நல்ல பருவம். பெரிய பாலம் கட்டும் நிறுவனங்களுக்கு அந்த முதல் சுற்றில் கிடைத்தது குறைவு. மண்வெட்டியை எடுத்தால் போதும், வேலை தொடங்கிவிடலாம் என்று அரசு சொன்ன திட்டங்கள் நடைமுறையில் அப்படி ஆயத்தமாக இல்லை என்பதை அதிபர் ஒபாமாவே 2010 அக்டோபரில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஊக்கச் செலவின் முதல் காசு பெரும்பாலும் களத்தில் இறங்குபவருக்குப் போவதில்லை. வடிவமைப்பு ஆலோசகர், நில அளவையாளர், விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பவர் ஆகியோருக்கே போகிறது. அலமாரியில் உறங்கும் திட்ட அறிக்கைகளைத் தூசி தட்டி, விலை விகிதங்களைப் புதுப்பித்து, ஒப்பந்தப்புள்ளிக்குக் கொண்டுவரும் வேலை அவர்களுடையது. அடுத்த வரிசையில் பராமரிப்பும் மேற்பரப்பு வேலையும் வருகின்றன. பாலம், சுரங்கம், மின்செலுத்து தடம், நீரேற்று நிலையம் போன்றவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் பில்லாக மாறும். அதற்குள் பொருளாதாரமே மீண்டுவிட்டிருக்கலாம். மந்தத்தைப் போக்கும் மருந்து என்ற முறையில் அது குறைதான்; ஒப்பந்ததாரரின் பார்வையில் அது நீண்ட வேலை இருப்பு.

மந்த காலத்தில் இந்த வேலைகள் கூடுதலாக வருவதில்லை, போன வேலையின் இடத்தை நிரப்பவே வருகின்றன என்பதும் பலர் கவனிக்காதது. 2009இல் அமெரிக்காவில் வீட்டுக் கட்டுமானம் சரிந்து கிடந்தது. அதை நம்பியிருந்த மண்வேலை, கான்கிரீட், வடிகால் ஒப்பந்ததாரர்கள் பலர் அரசு ஒப்பந்தப்புள்ளிகளின் பக்கம் திரும்பினார்கள். முன்பு மூவரோ நால்வரோ போட்டியிட்ட வேலைக்குப் பத்துப் பேர் விலை கொடுத்தால் என்ன ஆகும்? பல மாநிலங்களில் துறையின் மதிப்பீட்டை விடக் குறைந்த விலைப்புள்ளிகளே வந்தன. மிஞ்சிய பணத்தில் அரசுகள் கூடுதலாகச் சில வேலைகளை எடுக்க முடிந்தது. வரி செலுத்துவோருக்கு அது நல்ல செய்தி. வேலை எடுத்தவருக்கு லாப விகிதம் மெலிந்தது. அவருக்குக் கிடைத்த பயன் வேறு வகையானது: எந்திரத்தின் மாதத் தவணை கட்ட முடிந்தது, பத்து ஆண்டுகள் கூட இருந்த மேஸ்திரியையும் ஆபரேட்டரையும் அனுப்பிவிடாமல் வைத்திருக்க முடிந்தது, அடுத்த பெரிய வேலைக்கான தகுதிச் சான்றில் காட்ட முடிந்த வேலை ஒன்று கூடியது. இவற்றை லாப நட்டக் கணக்கில் தேடினால் கிடைக்காது; சந்தை மீளும்போது யார் களத்தில் நிற்கிறார்கள் என்பதில்தான் தெரியும்.

மேல் மட்ட அரசு கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு, கீழ் மட்ட அரசு தன் சொந்தச் செலவைக் குறைத்துவிடுவதும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் மாநிலங்கள் தாங்கள் திட்டமிட்டிருந்த செலவைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையே இதற்காகத்தான் வைக்கப்பட்டது. அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாத இடத்தில் ஒப்பந்ததாரருக்கு வரும் நிகர வேலை அறிவிப்பை விடக் குறைவாகவே இருக்கும்.

இனி காசு வரத்துக்கு வருவோம். ஒரு சாலை ஒப்பந்தத்தின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். காலம் 20 மாதம். மாதந்தோறும் 5 மதிப்புள்ள வேலை நடக்கிறது. ஒப்பந்ததாரரின் மொத்தச் செலவு 92, எனவே எதிர்பார்க்கும் லாபம் 8. ஒவ்வொரு பில்லிலும் 5 விழுக்காடு உத்தரவாதப் பிடித்தமாகத் துறையிடம் நிற்கும். இப்போது இரண்டு நிலைமைகளைப் பாருங்கள்.

முதல் நிலைமையில் வங்கி உத்தரவாதத்தின் பேரில் (ஒப்பந்ததாரர் தவறினால் பணத்தை வங்கி தரும் என்ற உறுதி) 10 முன்பணமாகக் கிடைக்கிறது. அது மாதம் 0.5 வீதம் பில்லில் கழிக்கப்படுகிறது. பில் போட்ட மாதமே பணம் வருகிறது. மாதச் செலவு 4.6, கைக்கு வருவது 5இல் முன்பணக் கழிவு 0.5, பிடித்தம் 0.25 போக 4.25. மாதத்துக்கு 0.35 துண்டு விழுகிறது. 20 மாதத்தில் மொத்தம் 7. அதைக் கையிலுள்ள 10 தாங்கிவிடுகிறது. மாதக் கணக்கை முடிக்கும்போது ஒருமுறையும் கடன் வாங்க வேண்டிய நிலை இல்லை. கடைசியில் 3 மிஞ்சி, பிடித்தம் 5 திரும்பி வந்து, எதிர்பார்த்த 8 முழுமையாகக் கைக்கு வருகிறது.

இரண்டாவது நிலைமையில் முன்பணம் இல்லை. பில் போட்டு இரண்டு மாதம் கழித்துப் பணம் வருகிறது. முதல் பில்லுக்குக் காசு வரும் முன்பே மூன்று மாதச் செலவு, அதாவது 13.8, ஒப்பந்ததாரரின் கையிலிருந்தோ வங்கியிலிருந்தோ போயிருக்கும். மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி என்றால், முழுக் காலத்துக்கும் சேர்த்து வட்டி ஏறத்தாழ 2 ஆகும். 8இல் கால்பங்கு போய்விட்டது. பணம் ஐந்து மாதம் தாமதமானால் முதல் காசு வரும் முன் 27.6 செலவாகியிருக்கும், வட்டி 5ஐ நெருங்கிவிடும். அப்போது எடுத்த வேலையும் அதேதான், வேலையின் தரமும் அதேதான். லாபம் மட்டும் 8இலிருந்து 3 ஆகிவிட்டது. இதே போன்ற மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் எடுத்தவருக்கு 80க்கும் மேல் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுக்கான பணம், வேண்டியிருக்கும். வங்கி அவ்வளவு வரம்பு கொடுக்காவிட்டால் மூன்றில் ஒன்று நின்றுபோகும், நின்ற வேலைக்குத் தாமத அபராதம் வேறு விழும். ஊக்கச் செலவு வெள்ளமாக வரும் காலத்தில் கை நிறைய வேலை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் மூழ்குவது இப்படித்தான்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், செலவைக் கூட்டாமலேயே அரசு ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு உதவ முடியும் என்பதும் விளங்கும். 2020 நவம்பரில் இந்திய அரசு தன் ஒப்பந்தங்களில் 5 முதல் 10 விழுக்காடு வரை கேட்டுவந்த செயல்திறன் வைப்பை (வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான ஈட்டுத்தொகை) 3 விழுக்காடாகக் குறைத்தது. ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்குப் பதிலாக ஓர் உறுதிமொழியே போதும் என்றது. செயல்திறன் வைப்பு பெரும்பாலும் வங்கி உத்தரவாதமாகவே கொடுக்கப்படுவது. உத்தரவாதத்துக்கு வங்கி ஈடு கேட்கும். ஈடு வைத்த அளவுக்கு மற்றக் கடன் வரம்பு சுருங்கும். 10இலிருந்து 3க்கு வந்தபோது விடுபட்ட வரம்பில் நிறுவனம் இன்னொரு வேலைக்கு உத்தரவாதம் கொடுக்கலாம். அதற்கு முன்பே, 2016இல், ஒப்பந்தத் தகராறில் நடுவர் அளித்த தீர்ப்பை அரசு அமைப்புகள் எதிர்த்து வழக்காடும் நிலையிலும் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை வங்கி உத்தரவாதத்தின் பேரில் ஒப்பந்ததாரருக்கு விடுவிக்கலாம் என்று அங்கே முடிவெடுக்கப்பட்டது. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், பெரிய தொகை அறிவிப்பை விட இவற்றைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

எதிர்த்திசையில் சீனத்தின் அனுபவம் இருக்கிறது. 2008 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 4 லட்சம் கோடி யுவான் திட்டத்தில் மத்திய அரசின் நேரடிப் பங்கு 1.18 லட்சம் கோடி யுவான்தான். மீதியில் பெரும்பகுதி உள்ளூர் அரசுகளும் அவை அமைத்த நிதி நிறுவனங்களும் வங்கிக் கடனில் திரட்டியது. வேகத்தில் குறையில்லை, அதிவேக ரயில் தடங்களும் விரைவுச் சாலைகளும் வெகு சீக்கிரம் எழுந்தன. ஆனால் கடனில் ஓடும் வேலை கடன் நிற்கும்போது நின்றுவிடும். 2011 பிப்ரவரியில் ரயில்வே அமைச்சர் ஊழல் விசாரணையில் பதவி இழந்தார்; ஜூலையில் வென்சோ நகருக்கு அருகே இரண்டு ரயில்கள் மோதி 40 பேர் இறந்தார்கள்; ரயில்வே அமைச்சகத்துக்குப் பணம் கிடைப்பது இறுகியது. அந்த ஆண்டின் பிற்பாதியில் பல தடங்களில் வேலை நின்றது. துணை ஒப்பந்ததாரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. முதன்மை ஒப்பந்த நிறுவனங்கள் அரசுடைமை, அவை தாங்கிக்கொண்டன. அவற்றின் கீழே மண்ணடித்தவரும் கம்பி கட்டியவரும் அப்படித் தாங்கக்கூடியவர்கள் அல்லர். மேலே பணம் வந்தால்தான் கீழே கொடுப்பேன் என்ற வழக்கம் உள்ள எந்தத் தொழிலிலும் தாமதத்தின் சுமை கடைசி ஆளிடம்தான் போய் நிற்கும்.

இத்தாலியின் கதை இதைவிட விசித்திரமானது. 2020இல் வீடுகளின் மின்சக்திச் சிக்கனத்துக்கும் நிலநடுக்கப் பாதுகாப்புக்கும் ஆகும் செலவில் 110 விழுக்காட்டை வரிச் சலுகையாகத் தருவதாக அரசு அறிவித்தது. வீட்டுக்காரர் அந்தச் சலுகையைத் தானே அனுபவிக்க வேண்டியதில்லை. வேலை செய்த ஒப்பந்ததாரருக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம், அவர் அதை வங்கிக்கு விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். செலவு முழுவதையும், அதற்கு மேலும், அரசே ஏற்கும்போது வீட்டுக்காரர் விலை பேசுவாரா? சாரக்கட்டு வாடகையிலிருந்து வெப்பக்காப்புப் பலகை வரை எல்லாம் விலை ஏறின, புதிதாகக் கட்டுமான நிறுவனங்கள் முளைத்தன, மோசடியும் நடந்தது. வங்கிகள் வாங்கக்கூடிய அளவு நிரம்பியதும் பல ஒப்பந்ததாரர்கள் கையில் வரிச் சலுகைக் காகிதம் மட்டும் மிஞ்சியது. அதை வாங்க ஆளில்லை. 2023 பிப்ரவரியில் புதிதாகச் சலுகையை மாற்றிக் கொடுப்பதையே அரசு பெரும்பாலும் நிறுத்திவிட்டது. கணக்குப் புத்தகத்தில் லாபம் காட்டிய நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் திண்டாடியது அப்போதுதான். ஊக்கத் திட்டம் எந்த வடிவத்தில் பணம் தருகிறது என்பதை, எவ்வளவு தருகிறது என்பதற்கும் முன்னால் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

விலையேற்றம் அடுத்த கண்ணி. எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை எடுக்கும்போது தார், இரும்பு, சிமென்ட், எந்திர வாடகை, ஓட்டுநர் கூலி எல்லாம் ஏறும். மேலே சொன்ன 100 மதிப்புள்ள ஒப்பந்தத்தில் தாரும் இரும்பும் சேர்ந்து 25 என்றால், அவற்றின் விலை 40 விழுக்காடு ஏறினால் செலவு 10 கூடும். எதிர்பார்த்த லாபம் 8 மறைந்து 2 நட்டமாகிவிடும். விலைக் குறியீட்டோடு பில்லைச் சரிசெய்யும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் இந்த அடியை அரசு ஏற்கும். நிலையான விலை ஒப்பந்தமாக இருந்தால் ஒப்பந்ததாரர் ஏற்பார். அமெரிக்காவில் 2021 நவம்பரில் நிறைவேறிய உட்கட்டமைப்புச் சட்டம் ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ளது. அதில் 55,000 கோடி டாலர் புதிய செலவு. ஆனால் 2020 இறுதியிலிருந்து அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்நாட்டின் நெடுஞ்சாலைக் கட்டுமானச் செலவுக் குறியீடு 50 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அதே பணத்துக்கு முன்பு போட்டதை விடக் குறைந்த நீளச் சாலையே போட முடியும். அந்த விலையேற்றத்தில் ஒரு பகுதி ஒப்பந்ததாரரின் லாபமாகவும் மாறியது, ஏனெனில் இம்முறை போட்டியாளர்கள் குறைவு, எல்லோர் கையிலும் வேலை இருந்தது. 2009இல் மெலிந்த லாபம், 2022க்குப் பிறகு தடித்த லாபம்: அரசுச் செலவு இரண்டு முறையும் பெரியதுதான், சந்தை எந்த நிலையில் இருந்தபோது அது வந்தது என்பதே வேறுபாடு.

ஜப்பானில் 1990களின் ஊக்கத் திட்டங்கள் சாலையும் பாலமும் அணையும் கட்டிக்கொண்டே இருந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் உரிமம் பெற்ற கட்டுமான நிறுவனங்கள் ஏறத்தாழ 6 லட்சம் ஆகியிருந்தன. பின்னர் பொதுப்பணிச் செலவு பல ஆண்டுகள் தொடர்ந்து சுருங்கியது, நிறுவனங்கள் மூடின, இளைஞர்கள் தொழிலுக்கு வருவதை நிறுத்தினார்கள். 2011 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு மறுசீரமைப்புக்குப் பணம் குவிந்தபோது, வடகிழக்கில் பல ஒப்பந்தப்புள்ளிகளுக்கு விலை கொடுக்கவே ஆள் வரவில்லை. துறையின் மதிப்பீட்டில் இருந்த கூலி விகிதம் பழையது. அந்த விலைக்கு ஆள் கிடைக்காது. 2013 ஏப்ரலில் பொதுப்பணி மதிப்பீட்டுக்கான கூலி விகிதத்தை அரசு சராசரியாக 15 விழுக்காடு உயர்த்த வேண்டியதாயிற்று. பணம் இருந்தும் வேலை நகராமல் நிற்கும் நிலைமை ஒன்று உண்டென்பதை இது காட்டுகிறது. அந்த நிலைமையில் ஆட்களைக் கைவிடாமல் வைத்திருந்த நிறுவனத்துக்குத்தான் விலை பேசும் வலு இருக்கும்.

மின்சக்தி ஒப்பந்ததாரர்களின் நிலை சற்று வேறு, ஏனெனில் அவர்களுடைய வாடிக்கையாளர் பெரும்பாலும் அரசு அன்று. சூரிய மின்நிலையமோ காற்றாலைப் பண்ணையோ கட்டச் சொல்பவர் தனியார் திட்ட உரிமையாளர். அவருக்கு வங்கிக் கடன் உறுதியானால்தான் வேலை தொடங்கும். எனவே அரசு பணத்தை அந்த முடிச்சில் செலுத்தினால்தான் ஒப்பந்ததாரருக்கு வேலை வரும். 2008 நெருக்கடிக்கு முன் அமெரிக்கக் காற்றாலை, சூரிய மின்திட்டங்கள் வரிச் சலுகையை நம்பியிருந்தன; அந்தச் சலுகையைப் பயன்படுத்தும் அளவுக்கு வரி கட்டும் பெரிய வங்கிகள் அதை வாங்கிக்கொண்டு திட்டத்துக்கு முதல் போட்டன. வங்கிகளே நட்டத்தில் விழுந்தபோது வாங்க ஆளில்லை. 2009 சட்டம் ஒரு எளிய மாற்றத்தைச் செய்தது: வரிச் சலுகைக்குப் பதிலாக, செலவில் 30 விழுக்காட்டைக் கருவூலமே ரொக்கமாகத் தரும். அந்தத் திட்டத்தின் கீழ் மொத்தத்தில் 2,500 கோடி டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டது. இத்தாலியின் 110 விழுக்காட்டுக் காகிதத்தையும் இந்த 30 விழுக்காட்டு ரொக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், காசாகும் உறுதியில்தான் மதிப்பு இருக்கிறது என்பது தெரியும்.

கடன் உத்தரவாதம் இன்னொரு வழி. அரிசோனாவில் 290 மெகாவாட் அகுவா கலியன்டே சூரிய மின்நிலையத்துக்கு 2011இல் 96.7 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. அரசு அங்கே கட்டுமானத்துக்கு நேரடியாக எதுவும் தரவில்லை. கடன் கிடைத்ததால் கட்டுமான ஒப்பந்தம் உயிர் பெற்றது. மூன்றாவது வழி பங்கு மானியம். மின்விநியோகத்தை நவீனப்படுத்த அதே 2009 சட்டத்தில் 340 கோடி டாலர் மானியம் போட்டி முறையில் கொடுக்கப்பட்டது. பெறும் மின்நிறுவனம் குறைந்தது அதே அளவு தன் பங்கைப் போட வேண்டும் என்பதால் மொத்த வேலை 780 கோடி டாலரைத் தாண்டியது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்துபவர், துணைமின்நிலையத் தானியங்கிக் கருவி நிறுவுபவர் ஆகியோருக்கு மானியத் தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சந்தை திறந்தது. நேரடிச் செலவை விட இத்தகைய பங்கு மானியம் ஒப்பந்ததாரருக்கு நல்லது என்பது என் கருத்து. தன் பணத்தையும் போட்டிருக்கும் வாடிக்கையாளர் வேலையைப் பாதியில் விடமாட்டார்.

தாமதத்துக்கும் இங்கே எடுத்துக்காட்டு உண்டு. ஏழைக் குடும்பங்களின் வீடுகளில் வெப்பக்காப்புச் செய்ய அந்தச் சட்டம் 500 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் முதன்முறையாக அந்த வேலைக்கும் நிலவும் கூலிச் சட்டம் (அந்த வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது) பொருந்தும் என்றது. அப்படி ஒரு வேலைக்குக் கூலி விகிதமே அதுவரை நிர்ணயிக்கப்படவில்லை. பின்னால் கூலி பாக்கி கொடுக்க நேருமோ என்று அஞ்சிப் பல மாநிலங்கள் விகிதம் அறிவிக்கப்படும் வரை காத்திருந்தன. 2009ஆம் ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. பயிற்சி கொடுத்து ஆள் சேர்த்து, வண்டியும் ஊதுகருவியும் வாங்கி வைத்த ஒப்பந்ததாரர் அத்தனை மாதமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

கெடு தீரும் நாள் அருகில் வந்தால் எதிர்மாறான நெருக்கடி. காற்றாலைக்கு, உற்பத்தியாகும் மின்சாரத்தின் அளவுக்கேற்பத் தரப்படும் உற்பத்தி வரிச் சலுகை 2012 இறுதியில் முடிவதாக இருந்தது. அந்த ஆண்டில் அமெரிக்காவில் 13,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிறுவப்பட்டன. கிரேன் கிடைப்பது கடினம், ஆள் கிடைப்பது கடினம். அடுத்த ஆண்டில் நிறுவப்பட்டது ஏறத்தாழ 1,000 மெகாவாட். சலுகை கடைசி நேரத்தில் நீட்டிக்கப்பட்டும், அதற்குள் அடுத்த ஆண்டுக்கான திட்டங்களை யாரும் தயார் செய்திருக்கவில்லை. 2012இன் தேவையை நம்பிக் கடனில் கிரேன் வாங்கியவர் 2013இல் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய காலத்தில் எந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர் பிழைப்பார், சொந்தமாக வாங்கியவர் சிக்குவார்.

பணமும் அனுமதியும் கெடுவும் எல்லாம் ஒத்துவந்தாலும் பொருள் வராமல் வேலை நிற்பது கடந்த சில ஆண்டுகளில் மின்துறையின் தனிச் சிக்கல். பெரிய மின்மாற்றிகளுக்கு ஆர்டர் கொடுத்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. கட்டடம் எழுப்பி, அடித்தளம் போட்டு, கேபிள் இழுத்து வைத்த பிறகும் மின்மாற்றி வராமல் துணைமின்நிலையத்துக்கு மின்னூட்டம் கொடுக்க முடியாது. மின்னூட்டம் கொடுக்காமல் கடைசித் தவணை வராது. இங்கே ஊக்கச் செலவின் பெரிய பயன் மின்மாற்றித் தொழிற்சாலைக்குப் போகிறது. தொழிற்சாலையில் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்த ஒப்பந்ததாரருக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கிறது.

தகுதி நிபந்தனையைத் தளர்த்திப் பணத்தை அள்ளி இறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2009 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு வீட்டுக் கூரைகளில் வெப்பக்காப்புப் போடும் திட்டத்தை அறிவித்தது. பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவர்களில் பலருக்கு அந்தத் தொழிலில் முன் அனுபவம் இல்லை. வேலையில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள், மூவர் மின்சாரம் பாய்ந்து, ஒருவர் கடும் வெப்பத்தால். கூரைகளில் தீவிபத்துகளும் நேர்ந்தன. 2010 பிப்ரவரியில் திட்டம் திடீரென நிறுத்தப்பட்டது. திட்டத்துக்கு முன்பே பல்லாண்டு அந்தத் தொழிலில் இருந்தவர்கள் கிடங்கு நிறையச் சரக்கோடும் பெயர் கெட்டுப்போன தொழிலோடும் நின்றார்கள். 2014இல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை அவர்களுடைய இழப்பையும் பேசியது. ஊக்கச் செலவால் ஒரு துறைக்கே கேடு வரலாம், அதுவும் ஒழுங்காகத் தொழில் செய்தவர்களுக்கு.

இதைப் படிக்கும் உங்களுக்குப் பங்கு வாங்கும் எண்ணம் இருக்குமானால், எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் ஆர்டர் இருப்பை (கையிலிருக்கும், இன்னும் முடியாத வேலைகளின் மதிப்பை) மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆர்டர் இருப்பில் எவ்வளவு பங்கு நிலையான விலை ஒப்பந்தம், எவ்வளவுக்கு விலைச் சரிசெய்தல் உண்டு என்று தேடுங்கள். வேலை முடித்தும் பில் போடாத தொகை, பில் போட்டும் வராத தொகை, துறையிடம் நிற்கும் பிடித்தம் ஆகிய மூன்றையும் கூட்டி விற்பனையோடு ஒப்பிடுங்கள். விற்பனை 20 விழுக்காடு வளர்ந்த ஆண்டில் இந்தக் கூட்டுத்தொகை 50 விழுக்காடு வளர்ந்திருந்தால், அறிவிப்பு இன்னும் அறிவிப்பாகவே இருக்கிறது என்று பொருள். அதே அறிக்கையின் பொறுப்புகள் பக்கத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து பெற்ற முன்பணம் என்று ஒரு வரி இருக்கும். ஊக்கச் செலவு உண்மையில் களத்துக்கு வரத் தொடங்கும்போது முதலில் அசைவது பெரும்பாலும் அந்த வரிதான். லாபம் அதற்கு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பின்னால் வரும்.